சைரனோடு சேர்ந்து ஊளை

என் எட்டு வயது மகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். யுத்தகாலத்தில், குண்டு விழுந்தால் பதுங்குவதற்கு ஒத்திகையாக மயிலாப்பூரில் சைரன் அலறும்போதெல்லாம் அவளும் நரி போல ஊளையிட்டாள். வேப்பிலை அடிக்க ஆள் தேடுவதற்கு முன் அவள் வகுப்புக்கே ஓடினேன்.

"நாங்கதான் சொல்லிக் கொடுத்தோம், சார்," என்றார் டீச்சரம்மா. "சைரன் கேட்டா பிள்ளைங்க பயந்து விறைச்சுப் போகுதுங்க. எல்லாரும் சேர்ந்து கத்தினா பயம் கொறையுது."

"இதென்ன பைத்தியக்காரத்தனம்!" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, சைரன் அலறியது. வகுப்பே ஊளையிட்டது. நான் அதற்குள் பெஞ்சுக்கு அடியில் இருந்தேன்.

மகள் குனிந்து பார்த்தாள். "வெக்கப்படாதேங்கோ அப்பா, நீங்களும் கத்துங்கோ."

கத்தினேன். பயம் குறைந்தது. சைரன் நின்ற பிறகும் நான் நிறுத்தாததால், டீச்சரம்மா வந்து என் தோளைத் தட்டினார்.