பிளாப்பிக்கு வைத்த பொட்டு

இன்று ஆயுத பூஜை. குங்குமச் சிமிழோடு வந்த அம்மா, என் லேப்டாப்பின் முன்னால் தயங்கி நின்றாள்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

எண்பத்தெட்டில் மாரெட்பள்ளி வீட்டிலிருந்து போய் இரண்டு வருடக் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருட புராஜெக்ட் முழுவதும் ஒரே ஒரு பிளாப்பியில் இருந்தது. பூஜையன்று அம்மா அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாள். அதுவும் உறையில் இருந்த திறப்பு வழியாக, உள்ளே தெரிந்த தகட்டின் மேலேயே.

"அப்பா ஃபேக்டரில லேத்துக்கே வைக்கறாங்க. உன் படிப்புக்கு வேண்டாமா?"

லீவு முடிந்து போனால் பிளாப்பி திறக்கவில்லை. லேப் சார் அதைப் புரட்டிப் பார்த்து, "யே கைக்கு லகாயா?" என்று அந்த ஊர் இந்தியில் கேட்டார். இதை எதற்கு வைத்தேனாம்.

எல்லாவற்றையும் நான் மறுபடி டைப் அடித்து முடிக்கும்வரை, அம்மா தினமும் டிபன் டப்பாவோடு கல்லூரி வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே மட்டும் வரவே மாட்டாள்.

இன்று மெதுவாகக் கேட்டாள். "எங்கடி வெச்சா கெட்டுப்போகாது?"

என் நெற்றியைக் காட்டினேன். வைத்துவிட்டாள்.

லேப்டாப் இன்னும் வெறும் நெற்றியோடுதான் இருக்கிறது. அதற்குப் பத்திரமான இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அம்மா காத்திருக்கிறாள்.