இடது காதுப் பஞ்சு

அஷர் வேலையில் முதல் விதி, மேடைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். டிக்கெட்டைப் பார்த்து ஆட்களை உட்கார வைத்துவிட்டால், அதன் பிறகு நம் கண் கூட்டத்தின் மேல்தான் இருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை பிஸ்கட்டவேயில் மருந்துக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனி ஞாயிறுகளில் நியூஜெர்சியின் ஒரு பெரிய அரங்கில் இந்த வேலை. எட்டு வருடம் செய்தேன். பாட்டு கேட்க ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இதே ஆசையில் இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் நம்புவீர்கள்.

முதல் நாள்

அன்று பாடியவர் சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பின இசையில் ஒரு மகாராணி. வயதாகி, இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டி வந்தார்களாம். நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் முகங்கள். முதல் வரியிலேயே மூன்றாவது வரிசையில் ஒரு பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன், அது என் வேலைக்குள் வராது. என் தலைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை பேர்ல அவங்களப் பாக்காம நிக்கிற ஒரே ஆள் நீதான்யா" என்றார்.

பஞ்சு

பார்க்கத்தான் முடியாது, கேட்கலாமே என்றால் அதற்கும் வழி இல்லை. வலது காதில் சூப்பர்வைசர் பேசும் ரேடியோ. இடது காதில் மஞ்சள் பஞ்சு. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவர்கள் அதைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது பாட உட்கார்ந்தால் நடுவில் எழுந்து போவதே பெரிய குற்றம். பாடுகிறவர் முன்னால் காதை அடைத்துக்கொண்டு நிற்பதாவது! நல்ல பாடகர் வரும் நாட்களில் பஞ்சை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். அதை ஒரு மரியாதையாகவே செய்தேன்.

சூப்பர்வைசர் ஜெரோம் ஒருநாள் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "அவங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவாங்க. நீ நாளைக்கும் இந்த ஸ்பீக்கர் பக்கத்துலதான் நிக்கணும்" என்றார்.

கடைசி டூர்

ராக் பாடகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இதுதான் கடைசி டூர் என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். இனிமேல் இவரை எப்போது கேட்கப்போகிறோம் என்று நான் பஞ்சை எடுத்துவிடுவேன். ஒருவர் அப்படி என் கண்ணெதிரே, மன்னிக்கவும், என் முதுகுக்கு எதிரே, மூன்று முறை விடைபெற்றார். மூன்றாவது முறை உச்ச ஸ்தாயிக்கு அவர் குரல் போகவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார். கூட்டம் பாடியது.

என் பக்கத்து வரிசையில் ஓர் அம்மாள். பக்கத்து நாற்காலி காலி, அதில் ஓர் ஆணின் ஜாக்கெட். யாராவது வருகிறார்களா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "இவர் எத்தன தடவ வேணும்னாலும் கிளம்பிட்டுத் திரும்பி வர்றார். என் வீட்டுக்காரர் ஒரே தடவதான் போனார்" என்றார்.

சென்னையில் கார்

அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவனுக்கு வலது பக்கத்தில் மனைவி உட்காருவாள். வலது காது போதும். அதனால் எங்கள் இருவருக்குமே ஒன்றும் தெரியவில்லை. லீவில் சென்னை போய் மச்சான் காரை ஓட்டியபோது செல்வி இடது பக்கம் உட்கார்ந்தாள். நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அடையாறு தாண்டியதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பத்து நிமிஷமா பேசிட்டே வர்றேன். என் மேல என்னங்க கோபம்?"

கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு.

நியூஜெர்சியில் எங்கள் ஊரான எடிசனுக்குத் திரும்பியதும் காது டாக்டரிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், பதமாகத்தான் சொன்னார். "இடது காது முடிஞ்சுது. வலதுலையும் மேல் ஸ்தாயி கேக்கிறது குறையத் தொடங்கீட்டுது. இவ்வளவு காலமும் ஏன் வராமல் இருந்தனீங்கள்?"

நிலா

மகள் நிலாவிடம் சொல்ல வேண்டாம் என்று செல்வியிடம் கேட்டுக்கொண்டேன். பதினான்கு வயது. பள்ளி இசை நிகழ்ச்சியில் தனியாகப் பாட, அஷர் வேலையின் முதல் நாள் நான் முதுகால் கேட்டேனே, அந்த மகாராணியின் பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். நான் வீட்டில் முணுமுணுத்தே அவளுக்குத் தொற்றிய பாட்டு. நிகழ்ச்சி முடியட்டும் என்று இருந்தேன்.

அன்று மேடையைப் பார்த்து உட்கார்ந்தேன், எட்டு வருடத்தில் முதல் முறையாக. அழகாகத்தான் பாடினாள். பாட்டின் உச்சிக்கு வந்தாள், வாயைத் திறந்தாள், எனக்கு எதுவும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன மேல் ஸ்தாயி இதுதான் என்று நினைத்தேன். அரங்கம் மூச்சுவிடாமல் இருந்தது. செல்வி என் கையை அழுத்தினாள், பூரிப்பு என்று நினைத்தேன். எழுந்து நின்று கை தட்டினேன். நான் மட்டும்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போதுதான் நிலா வாயைத் திறந்தாள். "அப்பா, எனக்கு அந்த நோட் வரவே இல்ல. ஐ ஃப்ரோஸ். எதுக்கு கிளாப் பண்ணீங்க? வேர் யூ ஈவன் லிசனிங்?"

ஆகவே என் அஷர் இனத்தவர்களே, எவ்வளவு பெரிய பாடகர் வந்தாலும் பஞ்சை எடுக்காதீர்கள். எடுத்தே தீருவேன் என்றால், வீட்டில் பாடுகிற பிள்ளை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.