மச்சாவதாரம் அல்லாத மீன்

சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த அந்தச் சின்ன நூலகத்தில் ஜெயம்மாளுக்கு என்ன வேலை என்று கேட்டால், எல்லா வேலையும் என்றுதான் சொல்ல வேண்டும். தூசு தட்டுவாள், செய்தித்தாள் அடுக்குவாள், புத்தக முதுகில் எண் ஒட்டுவாள். புருஷன் இறந்த பிறகு பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து வந்தவள். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்த 1969-லாவது நிரந்தர உத்தரவு வந்துவிடும் என்று நூலகர் கைலாசம் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்திருந்தாள்.

மதத்துக்கு ஓர் எண், அறிவியலுக்கு ஓர் எண். எந்தப் புத்தகத்துக்கு எது என்று தீர்மானிப்பது கைலாசம். அவர் ஒரு வாரம் லீவில் போன சமயம் பார்த்துப் புதுக் கட்டு ஒன்று வந்து இறங்கியது. நம்மால் ஆகாததா என்று ஜெயம்மாளே பிரித்தாள். ஒரு புத்தகத்தின் அட்டையில் மீன், ஆமை, பன்றி மாதிரி ஒன்று, உடம்பெல்லாம் மயிரோடு ஒன்று, குள்ளமாக ஓர் ஆள், கடைசியில் கையில் கோடரியோடு ஒருவன். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி வாழ்கிறவளுக்கு இதைப் பார்த்து என்ன தோன்றும்? தசாவதாரம்தான். வாமனருக்குக் குடை இல்லையே என்று மட்டும் ஒரு நொடி யோசித்தாள். வரைந்தவன் மறந்திருப்பான் என்று, தலைப்பைக்கூடப் படிக்காமல் மத எண்ணை ஒட்டி வைத்துவிட்டாள்.

லீவு முடிந்து வந்த கைலாசம் பதிவேட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது பெருமாள் புக்கு இல்லம்மா. கடவுள் படைக்கல, ஒண்ணுலேருந்து ஒண்ணா மாறி மாறித்தான் மனுசன் வந்தான்னு சொல்ற புக்கு. இதப் போயி யார் கையில குடுத்த?"

கொடுத்தது வரதராஜனிடம். பளிச்சென்று நாமம், பெருமாளைச் சேவிக்காமல் தறியில் உட்காராத மனிதர். தெருவிளக்கு இரண்டு நாள் எரியாவிட்டால் கலெக்டருக்கே மனு எழுதுகிறவர். மதப் புத்தகம் என்று சொல்லி இதைத் தலையில் கட்டினால் சும்மா விடுவாரா? ஒரு மனு போதும், ஆறு வருஷமும் போய்விடும். அதற்குப் பிறகு ஜெயம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தகம் எடுத்துப் போன பதினான்காம் நாள் வரதராஜன் வந்தார். கையில் புத்தகம், அதன்மேல் நான்காக மடித்த வெள்ளைத் தாள்.

"மனுவாங்க?" என்று கேட்டாள் ஜெயம்மாள்.

"மனுதான். மொத நாளே எழுதிட்டேன். ரெண்டாம் பக்கத்துலயே தெரிஞ்சிபோச்சி, வேற சமாச்சாரம்னு. சரி, தப்பு சொல்லணும்னா முழுசா படிச்சிட்டுத்தான சொல்லணும்? படிச்சிக்கினே இருந்தேம்மா, கீழ வெக்க முடியல."

"அப்ப நீங்க அத நம்பறீங்களா?"

"நம்பறதா! இப்பக்கூடப் பெருமாளச் சேவிச்சிட்டுத்தாம்மா வரேன். ஆனா அந்த மீனு தண்ணிய வுட்டுக் கரையேறுது பாரு, அந்த எடத்த மட்டும் மூணு வாட்டி படிச்சேன்."

சொல்லிவிட்டுத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள். உள்ளேயிருந்து கைலாசம் பலமாக மூச்சு விட்டது வெளியே வரை கேட்டது.

"சரி, இது இருக்க வேண்டிய அலமாரி எதும்மா? இத்தினி வருசமா வரேன், அந்தப் பக்கம் போனதே இல்ல."

ஜன்னலோரத்து அலமாரியைக் காட்டினாள். வரதராஜன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் தட்டிலிருந்து ஒவ்வொரு முதுகாக, அரை மணி நேரம் நின்று படித்தார். பிறகு இரண்டு புத்தகங்களை எடுத்து வந்து, எதை விடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒருவருக்கு ஒரு புத்தகம்தான் என்பது விதி. ஜெயம்மாள் கைலாசத்தைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் இரண்டையும் எழுதிக் கொடுத்தாள்.