சன்னலோரக் கணினியில் சித்தப்பா

மீன் கூடையோடு கணினி மையத்துக்கு வந்தவர்கள் காரைக்காலிலேயே நானும் என் சித்தியுமாகத்தான் இருக்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் தங்கையான சித்திக்கு இருபத்தாறு. சித்தப்பா கடலுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஐப்பசியில் மூன்று பேர் போனார்கள். இரண்டு பேரை நான்காம் நாள் அலையே கொண்டுவந்து கரையில் போட்டது. சித்தப்பாவையும் படகையும் மட்டும் அது தரவில்லை.

"படகும் வரல, ஆளும் வரல. அப்ப ஆளு படகுலதான இருக்கணும்?" என்பாள் சித்தி. இந்தக் கணக்கை உடைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. ஆந்திராப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம். இலங்கையில் பிடித்து வைத்திருக்கலாம். பர்மா வரைக்கும்கூடப் போயிருக்கலாம். நம்பிக்கைக்குக் கடலைவிடப் பெரிய வரைபடம் இருந்தது.

சித்தப்பாவின் அண்ணன் மட்டும் மாதம் ஒரு முறை வருவார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, காரியத்தைச் செய்துவிடலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். ரேஷன் கார்டில் பெயரை எடுக்க வேண்டும் என்றும் சொல்வார். சித்தி தலையில் பூவைச் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கிவிடுவாள். அந்தக் கார்டு அவளுடைய அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. எங்கள் தாத்தா இறந்தபோது அவர் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுத்தான் கார்டைத் திருப்பித் தந்தார்கள். போய் வாங்கி வந்தவள் சித்தி. வழியெல்லாம் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா என்னைக் கணினி வகுப்பில் சேர்த்துவிட்டாள். மாடியில் ஏழு கணினிகள், ஒரு மின்விசிறி, சொல்லித்தர ஒரு அக்கா. இணையப் பக்கம் செய்கிற மென்பொருளை அக்கா எனக்கு இரண்டு பாடம் முன்னால்தான் தானே படித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எழுதத் தெரிய வேண்டாம், கணினியின் பாஷை தெரிய வேண்டாம், படத்தை மவுஸால் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் வைத்தால் போதும். "இங்க நீ என்ன பாக்குறியோ அதத்தான் ஒலகமே பாக்கும்" என்றார் அக்கா. நான் அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோற்றுக்கு முன்னால் சொன்னேன். சித்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"ஒலகம்னா? பர்மா?"

"பர்மாவும்தான் சித்தி."

மறுநாள் மீன் விற்று முடித்து, மதியம் அவள் மாடிப்படி ஏறி வந்தாள். வெறுங்கூடையை வாசலில் வைத்தாள். கையை எத்தனை முறை கழுவினாளோ, விரல்கள் வெளுத்திருந்தன. ஆனாலும் முன்வரிசைப் பையன்கள் மூக்கைத் தேய்த்தார்கள். அக்கா நல்லவர், ஒன்றும் சொல்லாமல், "காத்து வரும், இங்க ஒக்காருங்க" என்று எங்களைச் சன்னலோரக் கணினிக்கு அனுப்பினார். அன்று முதல் அது எங்கள் இடம். நாற்றம் பிடித்தவர்களுக்கென்று ஒதுக்கிய அந்த இடத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணப் படத்திலிருந்து சித்தப்பாவை மட்டும் வெட்டி எடுத்து, அக்கா அந்தக் கணினியில் ஏற்றித் தந்தார். நான் இழுத்து வைத்தேன். கடல்நீலப் பின்புலம். மேலே ஓடுகிற எழுத்தில் சித்தப்பாவின் பெயர். கீழே, காணாமல் போன குடைக்குப் பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவதுபோல எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வரி. படத்தின் மூலையைப் பிடித்து இழுத்ததில் சித்தப்பா அகலமாகிவிட்டார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏழு மாசத்துல நல்லா தின்னுருக்காரு மனுசன்!" அந்த ஏழு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதனால் படத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்றும் வைத்து, அக்கா சொன்னபடி பக்கத்தை இணையத்துக்கு அனுப்பினேன். அதற்கப்புறம் தினமும் மதியம் சித்தி வருவாள். பக்கத்தைத் திறப்போம். சித்தப்பா சிரிப்பார். எண் கூடியிருக்கும். "இன்னொருக்கா தொற" என்பாள். திறப்பேன். மறுபடி கூடியிருக்கும். நாற்பது, எழுபது, நூற்றைம்பது. "இத்தன பேரு பாக்குறாங்களே, ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?" என்று கேட்டுவிட்டு, அவளே, "தெரிஞ்சா சொல்லுவாங்க" என்று சமாதானமாவாள். படகில் ஏற்றி அனுப்பியதுபோல நான் அவரைத் திரையில் ஏற்றி அனுப்பியிருந்தேன். அவர் எந்தக் கரையையும் தொடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாளில் மையம் நிரம்பி வழிந்தது. சன்னலோரத்தில் ஐந்து பையன்கள் ஒரே நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அக்கா எங்களுக்காக வேறொரு கணினியை ஐந்து நிமிடத்துக்கு ஒழித்துத் தந்தார். நான் பக்கத்தைத் திறந்தேன். நீலம் வந்தது. பெயர் ஓடியது. கீழே எண் இருநூற்றுப் பன்னிரண்டு. நடுவில், சித்தப்பா இருந்த இடத்தில், வெள்ளைக் கட்டம். கட்டத்தின் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

சித்தி என் தோளைப் பிடித்தாள்.

"யாருடி போட்டா இத?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மாடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே? அவரைப் பர்மாவுக்குக் காட்டித்தருவதாகச் சொன்னவள் ஆயிற்றே. "பாத்தவங்க யாராச்சும் போட்டிருப்பாங்க சித்தி" என்றேன்.

"பாத்தவங்க போடலாமா?"

"போடலாம்."

அவள் இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "செரி, மூடு" என்றாள்.

மறுநாள் காலையில் சித்தப்பாவின் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். அந்த வாரமே கரையில் சித்தப்பாவின் சட்டை ஒன்றை விரித்து வைத்துக் காரியம் செய்தார்கள். ரேஷன் கார்டைச் சித்தியே அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பக்கங்கள் கட்டுவதுதான் இன்று என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், நான் கட்டிய பக்கத்தைத் திறந்த ஒருவர் தொலைபேசியில் கத்தினார்: "படத்தையே காணும்மா, செவப்பா பெருக்கல் குறி வருது." என் கணினியில் அந்தப் படம் பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் விளங்கியது. நான் அனுப்பியது படத்தை அல்ல, படம் இருக்கும் இடத்தின் விலாசத்தை மட்டும். விலாசமோ என் கணினியின் வயிற்றுக்குள். வேறு கணினி அங்கே போய்ப் படத்தை எடுக்க முடியாமல், அந்த இடத்தில் தானே சிவப்புக் குறி போட்டுவிடும். ரிசீவரை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

சித்தப்பாவைச் சன்னலோரக் கணினி ஒன்றுதான் காட்டியது. பர்மா பார்க்கவில்லை. ஆந்திரா பார்க்கவில்லை. அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் நாங்கள் திறந்து திறந்து ஏற்றியது. யாரிடமும் கேட்காமலேயே, ஒருவரும் தெரியும் என்று சொல்லவில்லை என்று காத்திருந்தோம்.

இன்றைய மென்பொருள்கள் படத்தைத் தாமே தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. இந்தத் தவற்றைச் செய்ய இனி எந்தப் பிள்ளைக்கும் வழியில்லை. சித்தி இன்னும் கூடை தூக்குகிறாள். நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லி? மறுபடியும் காத்திரு என்றா?

சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அந்த நாளின் பஸ்தான் என்னை விட மாட்டேன் என்கிறது. எங்கள் ஊர் கீழவாஞ்சூருக்குத் துறைமுகம் வராத காலம். நிலக்கரி லாரிகள் இல்லை, சன்னல் வழியே வெறும் மணலும் காற்றும். காலுக்கிடையில் கூடை. சித்தி பாதி வழியில் கையைப் பின்னால் கொண்டுபோய், காலையில் வைத்த மல்லிகைச் சரத்தைக் கொண்டையிலிருந்து உருவினாள். "நீ வச்சுக்கடி" என்று என் சடையில் சுற்றிவிட்டாள். அதில் மீன் வாசனை துளியும் இல்லை. இறங்கும்வரை சன்னல் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். சித்தி நான் கேட்காமலேயே பூக் கொடுத்துவிட்டாள் என்று, இறங்கியதும் ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன்.