இரண்டாம் தடவை கேட்காத ஊர்

பிப்ரவரி மாதத்து இரண்டாம் புதன்கிழமை நடந்த ஒரு சந்திப்பின் குறிப்பு இப்படி முடிகிறது: "இந்தப் பொறுப்பைத் தொடர ஏதேனும் உதவி தேவையா என்று டாக்டர் மணிமேகலையிடம் கேட்கப்பட்டது. எதுவும் தேவையில்லை, இப்போது இருப்பதே போதும் என்றார்." எழுதியவர் எங்கள் துறைத் தலைவி ஹெலன். அதைக் கோப்பில் சேர்த்தவன் நான். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. விடுமுறையில் ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில் அக்கா ஊட்டில் உட்கார்ந்து, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரிகள் மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டன.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து, "டீ?" என்றார். "வேண்டாம், நன்றி" என்றேன். அவர் போய் எல்லோருக்கும் கோப்பைகள் கொண்டுவந்தார், எனக்கு மட்டும் இல்லை. மறுநாளும் அப்படித்தான். கோபக்காரரோ என்று கூட நினைத்தேன். எங்கள் மலையில் "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்பது பதிலின் முதல் பாதி. அதைக் கேட்டுக்கொண்டே காப்பி ஆற்றுவார்கள். "அட, அரை டம்ளருங்க" என்பார்கள். "சரி, அரைதான்" என்று நாம் முழு டம்ளரைக் குடித்துவிட்டு எழுந்திருப்போம். அங்கே ஒருமுறை கேட்பார்கள், நாம் சொன்னதை நம்புவார்கள். நம்புவதுதான் அவர்களுடைய மரியாதை. இது எனக்குப் புரிய ஏறக்குறைய ஒரு குளிர்காலம் ஆயிற்று.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன். ஆட்களின் வருகையைப் பதிவது, பறித்த பழத்தின் எடையைக் குறிப்பது, எந்த மழைக்கு எந்த நாளில் காப்பிப் பூ வெடித்தது என்று என் திருப்திக்காகத் தனியே எழுதிவைப்பது, இவைதான் என் வேலை. மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்ததால் கூடவே போனேன். அங்கே எனக்குக் கிடைத்த வேலையை ஊரில் யாருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. இப்போதும் முயல்கிறேன்.

அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்கள் ஒரு வகை. எல்லாம் முடித்துத் தலைமைப் பொறுப்பில் இருக்கும் கன்சல்டன்ட்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் நடுவில் இருக்கிறது. பத்து, இருபது வருடம் அனுபவம் உள்ளவர்கள், இரவும் பகலும் வார்டுகளைத் தாங்குகிறவர்கள், ஆனால் படிக்கட்டில் அடுத்த படி எங்கே என்று யாரும் காட்டாதவர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல் கடல் கடந்து வந்தவர்கள். செய்த வேலைக்கெல்லாம் சான்று திரட்டி, தடிமனான ஒரு கோப்பாக விண்ணப்பித்தால் கன்சல்டன்ட் ஆக ஒரு வழி உண்டு. அந்த வழியில் அவர்களைக் கைபிடித்து நடத்த, அவர்களிலேயே ஒருவரை டியூட்டர் என்று நியமிப்பார்கள். அந்த டியூட்டர்களுக்கு அறை பிடித்துக் கொடுப்பது, கூட்டம் கூட்டுவது, யாருக்கு எந்தப் பயிற்சி எப்போது என்று நினைவூட்டுவது என் வேலை. வழிகாட்டுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் மணிமேகலை எங்கள் டியூட்டர். முதியோர் வார்டில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். முதல் நாள் என் ஆங்கிலத்தை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நீங்க சேலத்துப் பக்கமுங்களா?" என்றார்.

"ஏற்காடுங்க. கொட்டச்சேடு."

"அட கடவுளே, நானும் ஏற்காடுதானுங்க, ஒண்டிக்கடை! எங்கண்ணன் இன்னும் அங்கதான் மோட்டார் காயில் கட்டிட்டிருக்குது. ஊர்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எஸ்டேட்டுல ரைட்டருங்க."

"அப்ப சரி. இங்கயும் நீங்க ரைட்டர்தான். ஏனுங்க ரைட்டரே, எனக்கு மொதல்ல ஒரு ரூம் புடிச்சுக் குடுங்க. ஹீட்டர் வேல செய்யற ரூமா."

அன்று முதல் நான் ரைட்டர். நூலகத்தை ஒட்டிய சிறிய அறையில் புதன்கிழமை மதியங்கள் அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் அவருக்கு வார்டு கிடையாது. டாக்டர்கள் பை நிறையக் காகிதங்களோடு வருவார்கள். சூடானிலிருந்து வந்த இத்ரிஸ் எல்லோரிலும் கூச்சக்காரர். மூச்சுத்திணறலோடு வரும் முதியவர்களுக்காக வார்டில் ஒரு புதிய முறையை அவர்தான் தொடங்கினார். கோப்பில் அதை ஒரு வரியில் எழுதியிருந்தார். டாக்டரம்மா ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார்: "இதை யார் செய்தது? பூதமா? உங்கள் பெயரை எங்கே காணோம்? யாராவது வந்து உங்களைக் கண்டுபிடிப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தால் பென்ஷன்தான் வரும்." இத்ரிஸ் சிரித்துக்கொண்டே திருத்தி எழுதினார். "தேவையானதைக் கேட்டுப் பெறுவது எப்படி" என்று டாக்டர்களுக்கு வருடந்தோறும் ஒரு மதியம் வகுப்பும் எடுப்பார். கூடம் நிறைந்திருக்கும், சிரிப்பு ஓயாது.

ஆட்கள் கூடினார்கள், மதியம் ஒன்றுதான் இருந்தது. அதிலும் முன்பாதியைப் பல வாரம் கிளினிக் தின்றுவிடும். "ரைட்டரே, வாரத்துல இன்னொரு மதியம் மட்டும் கெடச்சா இத்ரிஸ் பைலை இந்த வருசமே அனுப்பிடலாங்க. இல்லாட்டி அந்த மனுசன் மனசொடஞ்சு வேற தேசத்துக்குப் போயிருவாரு" என்று ஜனவரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹெலனுடன் வருடாந்திரச் சந்திப்பு பிப்ரவரியில். அதில் பேசிவிடுவதாக ஏற்பாடு.

சந்திப்பு முடிந்து வெளியே வந்தவரிடம் கேட்டேன். "சொன்னீங்களாங்க?"

"அவிங்களேதான் கேட்டாங்க, ஏதாச்சும் வேணுமான்னு."

"என்னன்னீங்க?"

"ஒண்ணும் வேண்டாம், இதே போதும்னேன்."

"ஏனுங்க!"

"எடுத்த எடுப்புலயே எப்படீங்க வேணும்ங்கறது? பறக்காவெட்டின்னு நெனச்சுக்க மாட்டாங்களா? மறுக்கா கேப்பாங்கல்ல, அப்பச் சொல்லிக்கலாம்."

இருபது வருடம் அந்த நாட்டில் இருந்தவர். நோயாளியின் மகனிடம் மரணச் செய்தியை அவர்கள் பாணியிலேயே சொல்லத் தெரிந்தவர். இத்ரிஸுக்காகக் கன்சல்டன்ட்களின் அறைக்கதவைத் தட்டிச் சண்டை போட்டவர். தனக்கென்று வந்ததும், அந்த நாற்காலியில் ஒண்டிக்கடையின் மகளாக உட்கார்ந்துவிட்டார். ஹெலன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை குறிப்பு வந்தது.

எஸ்டேட்டில் பொங்கலுக்கு முன்பு மேனேஜர் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைச் சுற்றி வருவார். "எல்லாம் சௌரியமா? ஏதாவது வேணுமா?" என்பார். "நல்லாருக்கோமுங்க, ஒண்ணும் வேண்டாமுங்க" என்று எல்லா வாசலிலும் ஒரே பதில் வரும். மழைக்கு ஓட்டுக்கூரை ஒழுகிப் பாத்திரம் வைத்திருக்கும் வீட்டிலும் அதே பதில்தான். சாயங்காலம் மேஸ்திரி என் மேசைக்கு வருவார். "மேல் லைன்ல மூணாவது ஊடு ஒழுகுதுங்க ரைட்டரே. அவிங்க சொல்லலீங்க, நானாச் சொல்றேன்" என்பார். நான் மேனேஜரிடம் போவேன். அவரும் காத்திருந்தவர்போல் ஓட்டுக்கு உத்தரவு போடுவார். யாரும் யாரிடமும் பொய் சொன்னதாக எங்களுக்குத் தோன்றியதில்லை. தேவை என்பது அடுத்தவர் வாயால் வந்து சேர வேண்டிய ஒன்று. அந்தப் பாதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் பாதையில்தான் நான் திங்கட்கிழமை ஹெலன் அறைக்குப் போனேன். "டாக்டர் மணிமேகலை சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். அவருக்கு இன்னொரு மதியம் தேவைப்படுகிறது" என்றேன்.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு நல்ல மனது" என்றார். "ஆனால் அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நாம் பேசுவது சரியல்ல. அவரிடம் நேரடியாகக் கேட்டேன், தெளிவாகப் பதில் சொன்னார். அவர் சொல்லை மீறி நான் முடிவெடுத்தால் அது அவருக்கு அவமரியாதை. எண்ணம் மாறினால் அவரே வரலாம். என் கதவு எப்போதும் திறந்திருக்கிறது."

கதவு உண்மையிலேயே திறந்திருந்தது. ஹெலன் அங்கிருந்த காலம் முழுக்க அதைச் சாத்திப் பார்த்ததில்லை. ஹெலனைக் கடுமையானவர் என்று எழுதினால் அது பாவம். நியாயமான ஒருவர் நியாயமான காரணத்துக்காக என்னைத் திருப்பி அனுப்பினார்.

நடந்ததைச் சொல்லி, "நீங்களே ஒரு மெயில் போட்டுருங்க" என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். "வாயால வேண்டாம்னுட்டு, கையால வேணும்னு எழுதறதுங்களா? நல்லா இருக்கும் போங்க" என்று சிரித்தார். இரண்டு வாரம் கழித்து எழுதத்தான் செய்தார். அனுப்புமுன் எனக்குக் காட்டினார். ஹெலனின் அன்புக்கு நன்றி, துறையின் நெருக்கடி தெரியும், யாருக்கும் சிரமம் தரும் எண்ணம் இல்லை, எதிர்காலத்தில் என்றாவது சூழ்நிலை அனுமதித்தால் புதன்கிழமை ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கலாம், இல்லாவிட்டாலும் மகிழ்ச்சியே என்று போனது கடிதம். எனக்கு அது கூக்குரலாகவே கேட்டது. ஹெலனின் பதில் அன்று மதியமே வந்தது: "எங்கள் நெருக்கடியைப் புரிந்துகொண்டதற்கு மனமார்ந்த நன்றி. உங்களைப் போல் பெருந்தன்மையானவர்கள் கிடைப்பது எங்கள் அதிர்ஷ்டம்."

ஏப்ரலில் புதிய ஏற்பாடு வந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டியூட்டரே இல்லை. இங்கே இருப்பதே போதும் என்று டியூட்டர் சொல்லியிருக்கிறார். எனவே இருக்கும் மதியத்தை இரு ஆஸ்பத்திரிகளும் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. அந்தக் கணக்கில் பிழை சொல்ல முடியவில்லை.

கோடையில் இத்ரிஸ் வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கடைசி நாளில் முடிக்காத கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறைக்கு வந்தார். அது பக்கத்து ஊர்ப் புதன்கிழமை. என்னிடம் கைகுலுக்கி, "டாக்டரிடம் சொல்லுங்கள், என் பெயரை எல்லாப் பக்கத்திலும் எழுதிவிட்டேன்" என்றார். சொன்னேன். டாக்டரம்மா இலையுதிர்காலத்தில் டியூட்டர் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். இன்றுவரை அந்த இடத்துக்கு யாரும் முன்வரவில்லை. அந்த அறையில் இப்போது மடக்கு நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். எல்லோரையும் அடுத்த படிக்கு ஏற்றிவிட ஒருவரை நியமிக்கிறோம், கூட்டம் போடுகிறோம், கேக் வெட்டுகிறோம். அந்த ஒருவர் கேட்கத் தெரியாத ஊரிலிருந்து வந்திருந்தால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. கன்சல்டன்ட் ஆகத் தன் சொந்தக் கோப்பையும் டாக்டரம்மா தொடங்கவேயில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சென்ற சனிக்கிழமை ஒண்டிக்கடைக்குப் போனேன். கோடைக்கூட்டம், சேலத்து வண்டிகள் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன. டாக்டரம்மாவின் அண்ணன் செல்வராஜ் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தம்மா மறுக்கா கேக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"சரி, அங்க நீங்க இருந்தீங்கல்ல? நீங்க போய்ச் சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னேனுங்க."

கம்பி சுற்றுவது நின்றது. "சொல்லியுமா?" என்றார். கம்பியைக் கீழே வைத்தார். "நொம்ப மோசமான சனமாட்டம் இருக்குதுங்க."

"இல்லீங்க, நல்ல சனம்தான்."

அவர் என்னை நம்பவில்லை.

திரும்பி வந்ததும் அக்கா கேட்டாள், "காப்பி குடிக்கறயா சாமி?" என் வாய் முந்திக்கொண்டது: "குடுக்கா." பக்கத்து ஊட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டயா இவனெ! தொரையாட்டம் ஒரே சொல்லுல வாங்கிக்கிறான். ரெண்டு வார்த்த வேண்டாங்கறதுக்குக்கூடப் பஞ்சமாப் போச்சா அந்தூர்ல?" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இத்தனைக்கும் அங்கே அலுவலகத்தில் யாராவது உதவட்டுமா என்று கேட்டால் இன்றும் எனக்கு முதலில் வருவது "வேண்டாம்" என்பதே. வேண்டாம் என்ற சொல்லை ஒரு ஊரில் தொலைத்துவிட்டேன், இன்னொரு ஊரில் விட முடியவில்லை.

இன்னும் ஒன்றைச் செல்வராஜிடம் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடமும் சொன்னதில்லை. டிசம்பரில் ஹெலன் ஓய்வுபெற்ற விருந்தில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: பிப்ரவரிச் சந்திப்புக்கு ஹெலன் போகும்போதே டியூட்டருக்கு இன்னொரு மதியத்துக்கான அனுமதி அவர் கையில் இருந்ததாம், கேட்டால் கொடுக்கக் காத்திருந்தாராம். விசாரித்தேன். ஒருவர் ஆமாம் என்றார். இன்னொருவர், அது வேறு பிரிவுக்கு வந்த அனுமதி என்றார். ஹெலனிடம் நேரில் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆகவே இந்தச் செய்தி உறுதி செய்யப்படாதது என்றே இங்கே பதிகிறேன்.