மவுத் கார்டுக்கு வெந்நீர் ஊற்றியவன்

மகளின் மவுத் கார்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டவன் நான்தான். வேறு யாரும் உடந்தை இல்லை. பல் டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார், "பச்சத் தண்ணியில மட்டும் கழுவுங்க சார், வெயில்லகூட வைக்காதீங்க" என்று. இரண்டு முறையும் தலையை ஆட்டினேன். இருபது வருடக் குடும்பஸ்தன், தலையாட்டுவதில் நல்ல பயிற்சி உண்டு.

ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறாள். ஆட்டத்தில் அடிபட்டுப் பல் உடையாமலிருக்க, பல்லை அச்செடுத்து, மேல்வரிசைமேல் கச்சிதமாக உட்காரும்படி டாக்டர் செய்து கொடுத்த ரப்பர் மாதிரியான உறை அது. அடம்பிடித்துச் செய்ய வைத்தவனும் நான்தான். கல்லூரி நாளில் கொள்ளிடம் மணலில் கிரிக்கெட் ஆடி, கேட்சுக்குக் கையை நீட்டாமல் வாயை நீட்டியவன் நான். அன்று போன முன்பல்லின் இடத்தில் இப்போது இருப்பது கழற்றி மாட்டுகிற பல். முறுக்கு தின்னும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை சட்டையோடு அது வாஷிங் மெஷினுக்குப் போய்த் துவைந்து வந்தது. மகளுக்கு இந்தக் கதி வரக்கூடாது என்பதில் மட்டும் நான் விளையாட்டாக இருந்ததில்லை.

செமிஃபைனல் அன்று காலை, ஸ்ரீரங்கத்து வீட்டில், கார்டைக் கழுவுவதற்காக டப்பாவிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, வாயில போட்ட எச்சில் சாமான். அத சாதம் வைக்கிற எடத்துல வைக்கிறீங்க."

எச்சில் என்று காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் கை தானாக வெந்நீருக்குப் போகும். காப்பிக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, கார்டை உள்ளே போட்டேன். எச்சில் போயிற்று. கார்டும் போயிற்று. எண்ணெயில் போட்ட வடாம் மாதிரி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. விரலால் நீவினேன். நிமிர்ந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். டப்பாவில் போட்டு மூடினேன்.

டவுன் பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பயம் வந்தால் என் நாக்கு அந்தப் பொய்ப்பல்லைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும். வழி முழுக்க அதே வேலை.

"என்னப்பா இப்படி முழிக்கிறீங்க? வெளையாடப் போறது நானு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள்.

மைதானத்தில் கார்டை வாயில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அப்பா, இது உக்காரல. லூசா இருக்கு."

சொன்னேன். எச்சில் முதல் வடாம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. டப்பாவையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற பி.டி. மிஸ்தான் பேசினார்.

"கார்டு இல்லாம எறக்க மாட்டேன் சார். பெஞ்சுல உக்காரட்டும்."

ஓடினேன். சத்திரம் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ரெடிமேட் கார்டு கிடைத்தது.

"வெந்நியில அரை நிமிஷம் போடுங்க. லேசா ஆறவிட்டு, வாயில வச்சு அழுத்திக் கடிக்கச் சொல்லுங்க. பல்லுக்கு ஏத்தாப்ல படிஞ்சிரும்" என்றார் கடைக்காரர்.

"வெந்நியிலயா?"

"ஆமா சார். ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். காலையில் எது கூடாதோ அதுவே இப்போது மருந்து.

மைதானத்து வாசலில் டீக்கடை. மாஸ்டர் கிளாஸில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, நான் உள்ளே போட்டதை எட்டிப் பார்த்தார்.

"பல் செட்டா சார்?"

"பொண்ணுக்கு."

"இந்த வயசுலயே, பாவம்."

விளக்க நேரமில்லை. முப்பது எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதிலேயே எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுத்து ஆறவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக் கடித்தாள். மிஸ் விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் பாதியில் இறக்கினார்.

உட்கார்ந்துதான் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. ஒவ்வொரு மட்டை உயரும்போதும் கண் மூடிக்கொண்டது. அப்படி மூடித் திறந்த ஒரு சமயம், அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தாள். எதிரணிப் பெண்ணின் மட்டை முகத்தில் பட்டிருந்தது. எழுந்தேன். என் வாயில் அந்தப் பழைய கொள்ளிட மணல் கரகரத்தது.

மிஸ் ஓடிப்போய்க் குனிந்தார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கார்டை உள்ளங்கையில் துப்பினாள். விரலைப் பல்வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் பார்த்தாள். மிஸ்ஸும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, என் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். அப்போதுதான் என் பொய்ப்பல் வாயில் இல்லை, கையில் இருக்கிறது என்பதைக் கவனித்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியாது.

ஒரு கோலில் தோற்றார்கள். சொல்லக்கூடாது, எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் உதடு பன் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே எல்லாப் பல்லும் அதனதன் இடத்தில்.

"சாயங்காலமே டாக்டர்கிட்ட போயி உதட்டையும் காட்டிட்டு, புதுசா அச்செடுத்துரலாம்மா" என்றேன். "இனிமே தெனமும் நானே பச்சத் தண்ணியில கழுவி வச்சிடுறேன்."

அவள் டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நீங்க தொடாதீங்கப்பா."