ஒன்றுவிடாமல் விற்ற அங்கிகள்

2012ஆம் வருடம். குமரி மாவட்டத்தில், புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்தில் கணவர் வீட்டில் இருந்தேன். அவர் வளைகுடாவில் வெல்டர். எம்.காம். முடித்திருந்த எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்க இருந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது என்று மாமியார் கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அவர் இருந்த நாட்டில் இன்டர்நெட் வழியாகப் பேசத் தடை. போன் கார்டு போட்டால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் அறையில் எல்லோரும் ஒரு ஆன்லைன் விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரம். காட்டில் திரியலாம், பூதங்களை அடித்துத் தங்கம் சேர்க்கலாம், நடுவில் எழுதி எழுதிப் பேசிக்கொள்ளலாம். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் நானும் சேர்ந்துவிட்டேன்.

எனக்குச் சண்டை பிடிக்கவில்லை. அதில் கைத்தொழில்களும் உண்டு என்பதால் தையல்காரி ஆனேன். பருத்தி பறித்து, துணி நெய்து, மந்திரவாதிகள் போடும் அங்கியைத் தைத்து, அந்த உலகத்துச் சந்தையில் விலைக்கு வைக்க வேண்டும். முதல் வாரம் ஒன்றுகூடப் போகவில்லை. "இதுக்கும் நான் லாயக்கில்ல, விட்டிருதேன்" என்று அவருக்கு எழுதினேன்.

அதற்கு மறுநாளிலிருந்து விற்க ஆரம்பித்தது. எட்டு வைத்தால் எட்டும் போகும். பிள்ளையை உறங்க வைத்துவிட்டு ஓடிவந்து பார்ப்பேன். விளையாட்டுத் தங்கம்தான், அரிசி வாங்க உதவாது. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு நானாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

ஒரே குறை, வெள்ளிக்கிழமை. அவருக்கு லீவு அன்றைக்குத்தான். வாரம் முழுக்க அதற்காகக் காத்திருப்பேன். ஆனால் நான் நாலு வரி எழுதினால் அவரிடமிருந்து ஒரு "ம்" வரும். சில நேரம் அதுவும் வராது. ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமுடியாமல், "எங்கூடப் பேச இஷ்டமில்லன்னா சொல்லிருங்க" என்று எழுதிவிட்டு, நாலு நாள் கம்ப்யூட்டரையே தொடவில்லை. ஐந்தாம் நாள் திறந்தபோது, முன்பே வைத்திருந்த பத்து அங்கிகளும் விற்றிருந்தன. அவர் இல்லாவிட்டாலும் என் தொழில் நடக்கிறது என்று வீம்பாக நினைத்துக்கொண்டேன்.

காலேஜ் லீவில் வந்த நாத்தனாரையும் இதில் இழுத்துவிட்டேன். அவளும் அதே அங்கியைத் தைத்தாள். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"மைனி, நான் உங்களவிட விலை கொறச்சுல்லா வச்சிருக்கேன். எனக்க அங்கிய மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காவ. பருத்திய அப்படியே வித்தாக்கூட இதவிடக் கூடுதல் கிடைக்கும். தைச்சா நஷ்டம்தான். பெறவு உங்களுக்க அங்கிய யாரு இந்த விலைக்கு வாங்குகா?"

அதுவரை நான் பார்த்திராத விற்பனைப் பட்டியலைத் திறந்தோம். மேலிருந்து கீழ்வரை, மாதக்கணக்காக, வாங்கியவர் பெயர் ஒன்றே ஒன்றுதான். நாத்தனார் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம், "அது நீங்களா?" என்று மட்டும் எழுதினேன். பதில் ஒவ்வொரு வரியாக வந்தது.

"விட்டிருதேன்னு எழுதினியா, அதான் இன்னொரு பேருல கணக்கு தொடங்கினேன்."

"ஒனக்க அங்கி வாங்க தங்கம் வேண்டாமா? வெள்ளிக்கிழம காலம்பறயே உக்காந்து பூதத்த அடிப்பேன். ஒங்கூட எழுத வரும்போ கண்ணு தானா அடைஞ்சு போவுது. கோவிச்சுக்காத மக்ளே."

ஆறு நாளும் வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மனிதர். உறங்க இருந்த ஒரே பகலையும் என் அங்கிகளுக்காகச் செலவழித்திருக்கிறார். பேச மனமில்லை என்று நான் சண்டை போட்ட நாட்களிலும் வாங்கியிருக்கிறார். முதலில் வந்தது கோபம்தான். என்னுடையது என்று நினைத்த அந்த ஒரு சம்பாத்தியமும் அவர் போட்டதுதானா? கோபம் அடங்கிய பிறகு அழுகை வந்தது. "இனி வெள்ளிக்கிழம வராதீங்க. ஒறங்குங்க" என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். தையலை அதோடு விட்டேன்.

மறு வருடம் லீவில் வந்தபோது அந்த இன்னொரு கணக்கைத் திறந்து காட்டினார். பெட்டி பெட்டியாக அங்கிகள். பிரித்து நூலாக்கி விற்றிருக்கலாம், ஒன்றைக்கூடத் தொடவில்லை. "எதுக்கு இதெல்லாம்?" என்றேன். "நீ தைச்சதுல்லா" என்றார். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவர் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவைத்தேன்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானும் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது களைப்பு என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். நமக்கு வேண்டியவரின் களைப்புக்கு நாமே காரணமாக இருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.